தவளைக்கு ஓர் அரண்மனை

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. என் முழங்கால்களை விட்டுவிட்டு இந்த வழக்கைப் பேச முடியாது. எல்லாம் அவற்றிலிருந்துதான் தொடங்கியது.

நானும் அண்ணன் பான் தேஷானும் பேரரசருக்குக் கல்லறை இடம் பார்க்க அனுப்பப்பட்டவர்கள். மலைத்தொடர் ஒரு டிராகன். அதன் மூச்சு எங்கே தங்குகிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டே ஏறி இறங்க வேண்டும். மோப்பம் அண்ணனுடையது. வலி என்னுடையது.

ஒரு நாள் அண்ணன் காய்ச்சலில் சத்திரத்திலேயே படுத்துவிட்டார். அரண்மனை அதிகாரி யூவும் நானும் மட்டும் மலையேறினோம். பாதி வழியில் ஒரு புல்மேட்டில் உட்கார்ந்து "அப்பாடா" என்றேன். இடம் பார்ப்பவன் பெருமூச்சு விட்டால் அதிகாரிகளுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும் போலிருக்கிறது.

"இதுதானா?" என்றார் யூ. அவருக்கும் செருப்பு கடித்திருந்தது.

அடிவாரக் கடையிலிருந்து வாத்து வறுக்கும் வாசனை ஏறி வந்தது. "இதேதாங்க" என்றேன். கல்லறைக்குக் காவலாக இடப்பக்கம் நீல டிராகன் குன்று, வலப்பக்கம் வெள்ளைப் புலிக் குன்று என்று கையைக் காட்டினேன். எந்த மலையில் நின்றாலும் இரண்டு பக்கமும் ஏதாவது ஒரு மேடு இருக்கும், ஐயா. அரசுப் பதிவில் மூத்தவர் பெயர்தான் ஏறும். ஏறியது. புகழை விட்டுக்கொடுப்பது என் சுபாவம்.

காய்ச்சல் விட்டு அண்ணன் வந்து பார்ப்பதற்குள் கொத்தர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கல்லறையின் நடுவில், பேரரசரின் பெட்டி இறங்கும் இடத்தில், ஒரு குழி தோண்டிப் பலகையால் மூடி வைத்திருப்பார்கள். பொற்கிணறு என்று பெயர். அதற்குள் வெளிச்சமே படக்கூடாது. அண்ணன் பலகைக்கு அடியில் கையை விட்டார். மணிக்கட்டு வரை சேற்றோடு கை வெளியே வந்தது.

"தம்பி, இது பேரரசருக்குக் கல்லறை இல்லடா. தவளைக்கு அரண்மனை."

"மெல்லப் பேசுங்கண்ணே."

"அரண்மனைக்குப் போயி, தப்பாப் போச்சுன்னு சொல்லிடுவோம்."

"தலை போயிடும்ணே."

"போனாப் போகுது. உன் தலையில அப்படி என்ன இருக்கு?" என்று சிரித்தார். "பாவம், அந்த மனுசன் செத்தப்புறம் மிதக்கணுமா?"

அண்ணன் விளையாட்டாகப் பேசினால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். மறுநாள் காலையில் கிளம்புவதாக இருந்தது. அன்று மாலைதான் யூ என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா தேலின், வானம் ஒளிச்சு வச்ச இடத்தக் காட்டிக் கொடுத்தவனுக்குக் கண்ணு அவிஞ்சிரும்னு சொல்லுவாங்கல்ல. ராஜமாதா கேக்குறாங்க. உங்கண்ணன் இன்னும் ஊசியில நூல் கோக்குறாரே?"

"சில பேருக்குக் கொஞ்சம் தாமதமாகுங்க."

"ரொம்பத் தாமதமானா இடம் பொய்யின்னு ஆயிரும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. அண்ணன் வாய் திறந்தால் தலை போகும். கண் போனால் தலை நிற்கும். சாகும்வரை அரண்மனைச் சோறும் வரும். பாசமுள்ள எந்தத் தம்பிக்கும் இதில் குழப்பம் இருக்க முடியாது.

காலையில் எழுந்ததும் அண்ணன் கண்ணுக்கு வெந்நீர்த் துணி ஒற்றிக்கொள்வார். துணியை நான்தான் பிழிந்து கொடுப்பது வழக்கம். கொத்தர்கள் குவித்திருந்த சுட்ட சுண்ணாம்பில் ஒரு பிடி எடுத்து மடிப்புக்குள் வைத்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் நீட்டினார். திறங்கண்ணே, தூசி இருக்கு என்றேன். திறந்தார்.

அதன் பிறகு எல்லாம் சுமுகம். ராஜமாதா பட்டு அங்கி அனுப்பினார். உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அண்ணன் எத்தனையோ பேரிடம் சொன்னார். பாவம், பார்வை போன துக்கம் என்று தலையாட்டினார்கள். ஒருவரும் பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

நான் அவரைக் கைவிடவில்லை. சேமியாவை ஊதி ஊதி ஊட்டியிருக்கிறேன். ஒரு தடவை, வாயில் வாங்கியதை விழுங்கிவிட்டுக் கேட்டார்:

"தம்பி, அன்னைக்கு அந்தத் துணியப் பிழிஞ்சியே, உன் கை வெந்துச்சா?"

"கொஞ்சம்ணே."

"களிம்பு போட்டியா?"

"போட்டேண்ணே."

"சரி" என்றார். அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார். அன்று சேமியாவில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

இப்போது பேரரசர் இறந்துவிட்டார். பெட்டியை இறக்கப் போனவர்கள் முழங்காலளவு தண்ணீரில் நின்றார்களாம். பதிவில் இருக்கும் பெயரைப் பார்த்து அண்ணனைக் கட்டி இழுத்து வந்திருக்கிறீர்கள். நாளை தலையை எடுப்பீர்கள் என்கிறார்கள். எந்தத் தலைக்காக நான் இவ்வளவு பாடுபட்டேனோ, அதே தலை. அதனால்தான் கூப்பிடாமலே வந்தேன்.

அவரை விட்டுவிடுங்கள். இடத்தைக் காட்டியது நான். சுண்ணாம்பு வைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இடம் பொய் என்று மட்டும் எழுதாதீர்கள். தண்ணீர் கொத்தர்களின் தவறாக இருக்கும். இடம் பொய்யென்றால் அண்ணனின் கண் வீணாகப் போனதாக ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது. நான் செய்ததில் வானத்துக்கும் வருத்தமில்லை. பாருங்கள், அந்த மூலையில் உங்கள் எழுத்தர் என் பெயரைத் தப்பாக எழுதுவது இங்கிருந்தே எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.