நூற்றெழுபது பவுண்டு

— இன்னும் என்னத்த இறக்கப் போற, கார்லண்ட்? பேசாம என்னையும் இந்த எடைமேடையிலயே இறக்கி விட்டுட்டுப் போயிடு!

— உன்ன இறக்கினா நூத்தி அம்பது குறையும், நோரீன். யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

— வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. பத்தாயிரம் பவுண்டு ட்ரெய்லரையே இந்த பிக்கப் இழுக்கும்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சது யாரு?

— இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற. வித்தவன் இழுக்கிறத மட்டும் சொன்னான். சுமக்கிறது கதவோரத்து மஞ்சள் சீட்டுல இருக்கு. ஆயிரத்து நானூறு. இன்னிக்குத்தான் படிச்சேன், போதுமா?

— வாங்கி மூணு வருஷம் கழிச்சு!

— நாம தங்கப் போற ட்ரெய்லரோட மூக்கே எழுநூறு பவுண்டு நம்ம வண்டி முதுகுல வந்து உக்காருது. அதுக்கு மேல நாம ரெண்டு பேரு, விறகு, ஜெனரேட்டரு... பின்ன எடை ஏறாம என்ன செய்யும்?

— விறக இறக்கியாச்சு. ட்ரெய்லர் தண்ணித் தொட்டியையும் காலி பண்ணியாச்சு. இப்ப எடைச்சீட்டு என்ன சொல்லுது?

— அளவுக்கு நாப்பது பவுண்டு கீழ.

— அப்புறமென்ன, கிளம்பு! பின்னால நாலு கோதுமை லாரி நிக்குது. தெரிஞ்ச முகமாச்சேன்னு ஹாரன் அடிக்காம இருக்காங்க. நாம யெல்லோஸ்டோன் பார்க்குக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பனி விழுந்துடும்.

— நிக்கட்டும். ஜெனரேட்டரையும் டூல் பாக்ஸையும் எடைமேடைக்கார ஆரினோட ஷெட்டுல போட்டுட்டு வர்றேன். ரெண்டும் சேர்ந்து நூறு.

— டூல் பாக்ஸா? அது இல்லாம நீ சர்ச்சுக்கே போக மாட்டியே!

— உன் இரும்புச் சட்டியையும் எடு. அது ஒரு முப்பது.

— அதத் தொட்டுப் பாரு, நடக்கிறதே வேற. பின் சீட்டுல வச்சுக்கறேன். சும்மாத்தானே கிடக்கு.

— பின் சீட்டுல எதையும் வைக்காத.

— ஏன், கவர்னரு வந்து உக்காரப் போறாரா?

— நூத்தி எழுபது பவுண்டு மிச்சம் இருக்கணும், நோரீன். அவ்வளவுதான்.

— அது என்ன கணக்கு? ஏன் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிற?

— டெரிக்கோட எடை அதுதான்.

— நம்ம பையனா? அவன் பேர எடுத்தாலே தட்ட விட்டு எழுந்து போற ஆளாச்சே நீ! ரெண்டு வருஷமா!

— தெரியும். குடிய விட்டுத் தொண்ணூறு நாள் ஆகுதாம். வியாழக்கிழமை மறுவாழ்வு மையத்துலேருந்து வெளிய விடுறாங்க. நான்தான் போன் பண்ணேன். போற வழியில பில்லிங்ஸ்ல ஏத்திக்கிறோம், எங்களோட வாடான்னேன். வர்றேன்னான். கடைசி நேரத்துல மனசு மாறிட்டான்னா நீ தாங்க மாட்டியேன்னு பயந்து சொல்லல.

— கார்லண்ட்.

— அழாத. லாரிக்காரங்க பாக்குறாங்க.

— பாக்கட்டும். அவன் இப்ப நூத்தி நாப்பதுதான் இருக்கான்.

— உனக்கெப்படித் தெரியும்?

— மூணு மாசமா சனிக்கிழமையானா சர்ச் பொம்பளைங்களோட போர்வை தைக்கப் போறேன்னு போனேனே, ஒரு போர்வையாவது நம்ம வீட்டுக்கு வந்துச்சா? சட்டிய ஏத்து, முப்பது பவுண்டுக்கு இடம் இருக்கு.