நொண்டிக்காளைத் துறை

மேட்டூர்ல அணை கட்டாத காலம். காவேரிக்கரை வேலாம்புதூர்ல அங்கண்ணன்னு ஒரு மணியக்காரர் இருந்தாராம். நல்ல மனுஷந்தான். சந்தேகம் மட்டும் கூடவே பொறந்தது. சோத்துல கல்லு கெடந்தா, யாரு போட்டான்னுதான் கேப்பாராம்.

அப்பல்லாம் ஆடிப் பதினெட்டுக்கு, வீட்டுல கெடக்கற பழைய ஓலை ஏட்டை ஆத்துல விட்டுருவாங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் பாக்கறதில்ல. ஒரு கும்புடு, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் அங்கண்ணன் அவரு தாத்தா ஏட்டை விட்டுட்டுத் திரும்பிப் பாத்தாராம். கீழ்த்துறையில பரிசல்காரர் செவந்தான் அதைத் துடுப்பால ஓரங்கட்டி எடுத்து, வேட்டியில தொடச்சு, மடியில வச்சாராம். ஆத்துக்குக் குடுத்ததை இவன் ஏன் எடுக்கறான்? அன்னையிலேருந்து மணியக்காரருக்குச் சோறு எறங்கலையாம்.

பரிசல்ல போறப்பக் கேட்டாராம். "ஏப்பா செவந்தா, அந்த ஓலையெல்லாம் உனக்கெதுக்கு?"

"படிக்கத்தாங்க."

"படிச்சு?"

"எழுதினவங்களோட பேசிக்கிட்டிருப்பேங்க. ஒருத்தரு சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்காரு. இன்னொருத்தரு மாட்டு வைத்தியம். அவருதாங்க எனக்குக் குரு. வலின்னு வர்ற எடத்துலயெல்லாம் எழுத்தாணி அமுங்கியிருக்கும். அவரைப் படிச்சதுக்கப்புறந்தான், பரிசல்ல ஏற மாட்டேங்கற கன்னுக்குட்டிய அடிக்கறதை விட்டேன். அவரு யாருன்னு கேட்டீங்கன்னா..."

"நிறுத்துடா!" செத்தவங்களோட பேசறானாம்! இது மாந்திரீகமேதான்னு மணியக்காரர் முடிவே கட்டிட்டாராம்.

அந்த வருஷம் பாத்துக் கோமாரி வந்துச்சு. மாட்டுக்கு வாயெல்லாம் புண்ணு, குளம்பெல்லாம் புண்ணு. அங்கண்ணன் புள்ளையாட்டம் வளத்த மயிலைக்காளை தீனி திங்காம கண்ணுல தண்ணி விட்டுச்சாம். "செவந்தான் வச்ச ஏவலு!"ன்னு ஊரைக் கூட்டிக்கிட்டுப் போனாராம். குடிசையில ஆளில்ல. ஏட்டையெல்லாம் வெளிய இழுத்துப் போட்டு, அவரு கையாலயே தீ வச்சாராம்.

கூடை நெறையப் பச்சிலையோட செவந்தான் ஓடியாந்தாராம். "ஐயா! உங்க காளைக்குத்தானய்யா பறிக்கப் போனேன்!" தீக்குள்ள கைய விட்டு, பாதி எரிஞ்ச ஒரு ஏட்டை வெளிய இழுத்தாராம். "உங்க தாத்தா எழுதினதுங்க இது. வாய்ப்புண்ணு மருந்து இருக்கு. குளம்பு மருந்து எழுதின ஓலை... அது போச்சுங்களே. அது இன்னும் மனசுல பதியலீங்களே."

படிக்கத் தெரிஞ்ச மனுஷன், அங்கண்ணன். தாத்தா எழுத்தை அன்னிக்குத்தான் மொதமொதல்ல படிச்சாராம்.

வாய்ப்புண்ணு ஆறுச்சு. காளை தின்னுச்சு, பொழைச்சுச்சு. குளம்பு மட்டும் ஆறவே இல்ல. சாகறவரைக்கும் நொண்டிக்கிட்டேதான் நடந்துச்சாம். அது நடக்கறப்பல்லாம் அவரு கண்ணை மூடிக்குவாராம், பாவம்.

அவரு நட்டு வச்ச கல்லுக்காளைதான் துறையில முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது. இன்னிக்கும் ஆடிப் பதினெட்டுக்கு, புள்ளைங்க பழைய பள்ளிக்கூட நோட்டா இருந்தாலும் சரி, அந்தக் காளை காதுல ஒரு வரியாவது படிக்காம எங்க ஊருல யாரும் எதையும் ஆத்துல விடறதில்ல. குளம்பு மருந்து அதுல இருக்குமோ என்னமோ, யாரு கண்டா?