எவர்ட்டனின் இடது கை

டிரம் வாசிப்பவர்கள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள். எவர்ட்டன் வருவான். பிரிஸ்டலில் மழை எப்படிக் கொட்டினாலும் சரி, என் ஒலிப்பதிவு அறையின் மணியை அவன் அடிக்கும்போது தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அவனைப் பற்றி நான் குறையாக எதுவும் சொல்லமாட்டேன்.

டிரம் அண்ட் பேஸ் இசையை நீங்கள் கேட்பதில்லை என்றீர்கள். பரவாயில்லை. வேகமான தாளத்தை இயந்திரத்தில் ஓடவிட்டால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஆடிவிட்டு மறந்தும் போகலாம். அதற்குள் ஜாஸ் பழகிய ஒரு கை நுழைந்தால்தான் விஷயமே. இருட்டில் படியிறங்குகிறீர்கள், கடைசிப் படி இல்லையோ என்று நெஞ்சு திக்கென்கிறது, அதற்குள் கால் படியில் இருக்கிறது. அந்தத் திக்குக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் கிடக்கிறேன்.

எவர்ட்டனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. என்னிடம் வாசிக்க வந்த முதல் நாளே அவன் அக்கா லோர்னா மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"இவன்கிட்ட குடுத்தா மறந்துடுவான், கேரத். நீயே குடுத்து, முழுங்குறானான்னு பாரு."

"ஆமா, நான் பச்சக் குழந்த. வாயையும் தொடச்சு விடச் சொல்லு" என்றான் எவர்ட்டன்.

ஒழுங்காகக் கொடுத்தேன். ஒழுங்காக வாசித்தான். அதுதான் தொல்லையாகிவிட்டது. ஒரு முறை லோர்னா ஊரில் இல்லாத வாரத்தில் மாத்திரை தீர்ந்துபோனது. அந்த வாரம் அவன் இடது கை தாளத்தை விட்டு வெளியே போனது, எங்கெங்கோ உலாவியது, சரியான நொடியில் வீடு திரும்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படி ஒன்றைக் கேட்டபிறகு மனிதன் பழையபடி இருக்க முடியாது.

புது மாத்திரை வந்ததும் அதைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, டப்பாவில் வைட்டமின் மாத்திரை போட்டுவைத்தேன். நிறம் ஒன்றுதான். வைட்டமின் உடம்புக்கு நல்லதுதானே.

வலிப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது. ஒரு நாள் தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, கடிபட்ட நாக்கோடு கேட்டான்: "தவறாமத்தான போடறேன்? அப்புறம் ஏன்டா வருது? எனக்குப் பயமா இருக்கு, கேரத்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அன்று காலை அவன் வாசித்ததைக் கேட்டிருந்தால் நீங்களும் என்னைப்போலத் தவித்திருப்பீர்கள்.

பிப்ரவரியில் இறந்தான். பதிவு தொடங்கவே இல்லை, நான் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தால் கீழே கிடந்தான் என்று லோர்னாவிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது பொய்யில்லை.

இசைத்தட்டு விற்பனைக்கு வருமுன் ஒரே ஒரு தட்டு வெட்டி, இசைத்தட்டுக் கடையில் போட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். பிடித்துப்போனால் நிற்பவர்கள் மேசையைத் தட்டுவார்கள். ஊசியைத் தூக்கி முதலிலிருந்து போட வேண்டும். எவர்ட்டனை வைத்துச் செய்த புதுத் தட்டை ஒரு சனிக்கிழமை கொண்டுபோனேன். தம்பியின் பெருமையைக் கேட்கட்டும் என்று லோர்னாவையும் நான்தான் அழைத்திருந்தேன். முடிவில் டிரம் எல்லாம் ஓய்ந்து, பலகையில் விழும் தட்டல் மட்டும் மிஞ்சும். வேகமாகத் தொடங்கி, இடைவெளி அகன்று அகன்று, நின்றுபோகும். மேசையே உடைந்துவிடும் போலத் தட்டினார்கள்.

"கடைசில வர்ற சத்தம் இருக்கே, மனுசன் எதுலடா அடிச்சான்?" என்று ஒருவன் கேட்டான்.

"குதிகால்" என்றாள் லோர்னா.

யாருக்கும் புரியவில்லை.

"அவனுக்கு வலிப்பு வந்தா தரையில குதிகால் அடிக்கும். அவன் தலைய மடியில வச்சுக்கிட்டு எத்தன தடவ கேட்டிருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதுக்கு முன்னல்லாம் நான் கேட்டப்ப கடைசில அவன் மூச்சு திரும்பிடும். இதுல திரும்பல. அன்னிக்கு நீ பால் வாங்கக் கடைக்குப் போகல."

போகவில்லை. பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கதவு கைக்கெட்டும் தூரம்தான். மாத்திரையை மாற்றியது நான், பார்த்துக்கொண்டிருந்ததும் நான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சத்தம் நின்ற பிறகும், மறுபடி தொடங்குவானோ என்று கொஞ்சம் காத்திருந்தேன். வாசித்துக்கொண்டிருப்பவனை நடுவில் நிறுத்துவது எங்கள் தொழிலில் மரியாதை இல்லை.