ஆளுக்கு ஒரு மாத்திரை

— அழாதீங்கக்கா, முதல்ல இந்த டீயைக் குடிங்க. படகுல வந்த டாக்டர் ஒரு வாரத்துக்கு ரெண்டு வகை மாத்திரை கொடுத்தாரே, உங்க வீட்டுக்காரர் ரெண்டையும் ஒழுங்கா சாப்பிட்டாரா?

— பெரிசை நான்தான் சாப்பிட்டேன் சிஸ்டர்.

— நீங்களா?

— வெள்ளத்துக்குப் பயந்து பள்ளிக்கூட மாடியில கிடந்தோமில்ல? டாக்டர் போன மறுநாளே எனக்கும் காய்ச்சல், அதே இருமல். சுத்தி கழுத்தளவு தண்ணி. படகு திரும்பி வர ஏழு நாளாச்சு. “ஒரே நோய், ரெண்டு மாத்திரை. பெரிசு உனக்கு, சின்னது எனக்கு”ன்னுட்டார் அந்த மனுஷன். ரெண்டையுமே ஆளுக்குப் பாதியா போட்டுக்கலாம்னேன். பாதி போட்டா ரெண்டு பேருக்குமே கேட்காதாம்.

— நீங்களும் சரின்னுட்டீங்க.

— சின்னதைப் போட்டதும் எழுந்து உட்கார்ந்தாரே! பசின்னு என் பங்குச் சோத்தையும் சாப்பிட்டார். “உன் மாத்திரை பார்க்கத்தான் பெரிசு, வேலை செய்யறது என்னுது”ன்னு கிண்டல் வேற.

— அந்தச் சின்னது ஸ்டீராய்டுக்கா. நுரையீரல் வீக்கம் குறையும், மூச்சு லேசாகும். கிருமியைக் கொல்றது பெரிசுதான். அது இல்லாம இதை மட்டும் போட்டா, வெளியில நல்லா இருக்கிற மாதிரி தெரியும், உள்ளே கிருமி இஷ்டத்துக்குப் பரவும்.

— இப்ப ரெண்டையும் கொடுங்களேன்!

— நேத்துலேருந்து ஊசியில ரெண்டும் போகுதுக்கா. கேட்கலை. டாக்டர் பிள்ளைங்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார்.

— பிள்ளைங்க ஏது? எனக்கு அவர், அவருக்கு நான்.

— அப்ப உள்ளே போய் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க. யாராவது வெளியே போகச் சொன்னா நான் பேசிக்கறேன்.

— எந்த மூஞ்சியோட போறது? ஏழு நாளா அவர் உசிரையில்ல முழுங்கியிருக்கேன்!

— சேச்சே, அப்படிச் சொல்லக் கூடாது. கடவுளுக்குத் தெரியும்கா. அவரும் தெரியாமதான் கொடுத்தார், நீங்களும் தெரியாமதான் வாங்கினீங்க. இருங்க, இந்தத் தாள்ல ஒண்ணு விட்டுப்போச்சு. அவருக்கு என்ன வேலை?

— மருந்துக் கடையிலதான் சிஸ்டர். இருபது வருஷமா, எந்த மாத்திரை எதுக்குன்னு வர்றவங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுமையா எடுத்து... சிஸ்டர், அவருக்குத் தெரியுமே!