கோரைத்தாங்கலுக்கு நீலம் தீட்டிய அம்மையாருக்கு

மண்ணளந்து, மனமளந்து, வரைபடத்தில் வருங்காலத்தை வகுத்தளித்த வல்லவரே! பட்டுக்கும் கோபுரத்துக்கும் பெயர்பெற்ற காஞ்சியில், பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே பாதை பிறழாமல் நின்ற பண்பாளரே! இன்று பணிநிறைவு காணும் எங்கள் நகரமைப்புத் துணை இயக்குநர் திருமதி மஹாலட்சுமி அம்மையாரே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "போதும்பா, வேலையப் பாருங்க" என்று கோப்பைப் பிரித்துவிடுவீர்கள். ஆகவே உங்களை யாரோ ஒருவராக்கி, உங்கள் கதையை உங்களுக்கே சொல்லப் போகிறோம். மடலுக்கு இது முறையா என்று முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளிக்கட்டும்.

எந்த நிலம் எந்தப் பயனுக்கு என்று வகுக்கும் வரைபடத்தில், குடியிருப்புக்கு மஞ்சளும் வேளாண்மைக்குப் பச்சையும் நீர்நிலைக்கு நீலமும் தீட்டுவது எங்கள் தொழில். தம் கால் படாத நிலத்துக்கு எங்கள் அம்மையார் கையெழுத்திட்டதே இல்லை. ஜீப்பில் உட்கார்ந்தே பார்த்தால் ஆகாதா என்று முணுமுணுத்துக்கொண்டே வாலாஜாபாத் வெயிலிலும் ஓரிக்கை மணலிலும் அவர் பின்னே செருப்புத் தேய அலைந்தவர்கள் நாங்கள்.

நிலத்தையும் நீரையும் காக்கும் புதிய திட்டத்தை அரசு கேட்ட ஆண்டில், ஏனாத்தூருக்கு அப்பால் இருக்கும் கோரைத்தாங்கலை எங்கள் வரைவாளர் சிட்டிபாபு மஞ்சளாக்கி வைத்திருந்தார். கோடையில் வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துத் தீட்டினால் அப்படித்தான் ஆகும். அந்தச் சிறிய ஏரி தூர்ந்து பொட்டலாகி ஒரு தலைமுறை போய்விட்டது. மனை விற்பவர்கள் எல்லைக்கற்கள் நட்டு, முன்பணமும் வாங்கிவிட்டார்கள்.

முன்பணம் கட்டியவர்களில் அம்மையாரின் ஒரே மகள் சுகாசினியும் ஒருவர். கழுத்துச் சங்கிலி தவிர மற்ற நகையெல்லாம் அதில் போட்டிருந்தார். வரப்போகும் வீட்டில் அம்மாவுக்கென்று கிழக்குப் பார்த்த அறை ஒன்றும் உண்டு. நிலம் மஞ்சளானால் வீடு. நீலமானால் ஒன்றும் இல்லை. இதை மறைக்காமல் மேலிடத்துக்குத் தெரிவித்து, வேறொருவரை அனுப்பும்படி அம்மையார் கேட்டார். நீங்களே பாருங்கள் என்று பதில் வந்தது.

சிட்டிபாபுவோடு அவர் போய் இறங்கியது நல்ல பகல் வேளை. மண் வெடித்துக் கிடந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் பொட்டலின் விளிம்புக்கு வந்ததும் வரிசையாக ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போயின. எதிரே பட்டு நூல் மூட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் வீராசாமி என்னும் நெசவாளி. ஓரிடத்தில் நின்று, லுங்கியைத் தொடைவரை மடித்துக் கட்டி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார். பிறகு காலால் துழாவித் துழாவி வறண்ட தரையைக் கடந்து, இக்கரையில் இறக்கி வைத்தார்.

"ஏன்பா, சைக்கிளத் தூக்கிக்கினு வர்றீங்க?" என்று அம்மையார் கேட்டார்.

"நடுவுல ஆழம் ஜாஸ்திமா. நூலு நனஞ்சா யாரு தாங்கறது?"

"தண்ணியே இல்லியே?"

"கண்ணுக்கு இல்லதான். காலுக்கு இருக்குது" என்றார் வீராசாமி. அவர் சிரிக்கவில்லை.

அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கணுக்காலில் ஒரு குளிர் தொட்டதாகவும், அது முழங்காலுக்கு ஏறியதாகவும், தாம் நினைக்காமலே கை கொசுவத்தைத் தூக்கிப் பிடித்ததாகவும் பின்னால் எங்களிடம் சொன்னார். நடுவில் நின்றபோது அவர் நினைவில் இருந்தது சுகாசினியின் வெறுங்கைகள்தாம். அந்த வெயிலிலும் அவருக்குப் பல் கிட்டியது. கரையேறியபோது புடவை உலர்ந்தே இருந்தது. கால்விரல்கள் மட்டும் நெடுநேரம் நீரில் ஊறியவை போல வெளுத்துச் சுருங்கியிருந்தன. சிட்டிபாபுவும் அதைப் பார்த்தார்.

மறுநாள் அம்மையார் தம் கையாலேயே கோரைத்தாங்கலுக்கு நீலம் தீட்டினார். அப்போது அவர் அழுதார். பெற்ற வயிறல்லவா, அழாமல் என்ன செய்யும்?

வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்கும் கூட்டம் நடந்தது. முதலில் எழுந்தவர் சுகாசினி. "அந்த எடத்துல தண்ணி எங்க இருக்குது, காட்டுங்க மேடம்" என்றார். பெற்ற தாயை மேடம் என்றார். பின்வரிசையில் இருந்த கோரைத்தாங்கல் கரை ஊர்க்காரர்கள், யாரும் யாரையும் பார்க்காமல், ஒருவர்பின் ஒருவராகக் கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். அம்மையார் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். "உங்க ஆட்சேபணை பதிவாயிடுச்சு. அடுத்தவங்க வரலாம்" என்றார்.

நிலம் நீலமாகவே நின்றது. மகள் அன்றிலிருந்து தாயோடு பேசவில்லை. பெரிய பெரிய கட்டட முதலாளிகளுக்கெல்லாம் அஞ்சாதவர், மதியச் சாப்பாட்டு வேளையில் பேசாத கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம்.

அஞ்சாமையின் அணியே, அலுவலகத்தின் அரணே! நோயும் நொடியும் உங்கள் வாசல் மிதிக்காமல், நல்ல தூக்கமும் நல்ல பசியும் நாளும் துணைநிற்க, நூறாண்டு நீங்கள் நடமாட வேண்டும். அன்றுபோல் வெறுங்காலோடு நடந்தாலும் சரி, யாரும் கேட்க மாட்டோம்.

இத்தோடு முடித்து, மடலைச் சட்டமிடக் கொடுக்க இருந்தோம். நேற்று மாலை சுகாசினி அலுவலகத்துக்கு வந்தார். நட்ட கல்லையாவது பிடுங்கி எடுத்துப் போகலாம் என்று பொட்டலுக்குப் போயிருந்தாராம்.

"எங்க கல்லு மட்டும் காணோம். நட்ட எடத்துல மண்ணுக்குள்ள கைய உட்டுத் தேடுனேன். தோள்வரைக்கும் போச்சு. அப்பவும் அடி தட்டல" என்றார்.

அவராகவே மடலை வாங்கி முழுவதும் படித்தார். பேனா கேட்டார். எங்கள் ஒப்பங்களுக்கெல்லாம் கீழே, மண்ணுக்குள் விட்ட அந்தக் கையாலேயே எழுதினார். இதையும் சேர்த்து மடலைத் திரும்ப எழுதியபோது, அவர் எழுதியதில் ஓரெழுத்தையும் நாங்கள் மாற்றவில்லை.

இவண்,
உங்களோடு நடந்து செருப்புத் தேய்ந்த அலுவலகத்தார்,
காஞ்சிபுரம்.

ஆட்சேபணையைத் திரும்பப் பெறாமல்,
அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருக்கும்
சுகாசினி.