மழையில் நிற்கும் ஆள்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், பிறந்த ஊரிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. என்னிடம் பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். அதனால் நானும் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் பெயர் ஹேபே. இந்தக் கொன்கோர்தியா ஊரில் ஆரஞ்சுப் பழம் கட்டி அனுப்பும் கம்பெனிகளுக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் நேர்காணல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, இதோ இந்தச் சமையலறை மேஜையில், வேலை தேடும் தெருக்காரர்களைத் தயார் செய்கிறேன். காசு வாங்குவதில்லை. நீங்கள் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னீர்கள். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தால் பயந்தவர் என்று தெரிந்துவிடும்.

நம் நாட்டில் கேள்விகளோடு படமும் உண்டு. வெள்ளைத்தாளையும் பென்சிலையும் கொடுத்து, மழையில் நிற்கும் ஓர் ஆளை வரையச் சொல்வார்கள். நீங்களும் வரைந்துதான் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள். குடை இருந்தால் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவர். காலடியில் தரை இருந்தால் நிலையானவர். கைகள் இல்லாவிட்டால் எதையும் எடுத்துச் செய்ய வராதவர், அல்லது எதையோ மறைக்கிறவர். இதெல்லாம் எவ்வளவு தூரம் உண்மை என்று என்னைக் கேட்காதீர்கள். தேர்ந்தெடுக்கிறவர்கள் நம்புகிறார்கள், அது போதும். கை வரையாத எத்தனையோ பேரை நானே சிரித்த முகத்தோடு வாசல்வரை வந்து அனுப்பியிருக்கிறேன்.

என்னிடம் பயிற்சி எடுத்தவர்களுக்கு வேலை கிடைத்துவிடும். பக்கத்து வீட்டு செஃபெரினோவையே எடுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்தால் உளறல். அவனைக்கூட பஸ் நிலையத்தில் காவலாளியாக்கிவிட்டேன். வேலை கிடைக்காமல் திரும்பி வந்தவள் ஒருத்திதான். என் தங்கை டெல்ஃபினா.

அம்மா போனபோது அவள் கைக்குழந்தை. வளர்த்தது நான். என் கல்யாணப் பேச்சு நின்றதும் அவளால்தான். அடுத்தவர் குழந்தையை எவன் ஏற்றுக்கொள்வான்? இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தனக்காகச் செலவாகிப்போன என் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு ஒருத்தி, பெட்டியைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே கிளம்புவேன் என்றால், அது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால் அவளையும் தயார் செய்தேன், மற்றவர்களைவிடப் பொறுமையாக. உன் பலவீனம் என்ன என்று கேட்டால் மனதில் இருப்பதை அப்படியே கொட்டிவிடு என்றேன். காலையில் எழுந்திருக்க வராது, யாராவது அதட்டினால் அழுகை வந்துவிடும் என்று சொல், நேர்மையை மதிப்பார்கள் என்றேன். ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்றால் அக்காவோடு வீட்டில் என்று சொல்லச் சொன்னேன். படத்தில் குடை வேண்டாம், அது கோழைத்தனம். கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துவிடு, அடக்கமாக இருக்கும் என்றேன். அவள் அழகாக வரைவாள். கொட்டும் மழையில், தரையில்லாமல், கைகளில்லாமல் ஒரு பெண். ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டு வருவாள். நான் பால் காய்ச்சிக் கொடுத்து, தலையைத் தடவி, உலகம் உன்னைப் போன்றவர்களுக்கு இல்லை என்று சொல்லுவேன். அந்தச் சாயங்காலங்களில் நாங்கள் மிகவும் நெருக்கமாக இருந்தோம்.

கெடுத்தவன் செஃபெரினோ. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவள் கைப்பழக்கமாக அந்தப் படத்தை ஒரு காகிதத்தில் வரைந்திருக்கிறாள். அவன் எட்டிப் பார்த்துச் சிரித்து, குடையும் கையும் இல்லாமல் வரைந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்று உன் அக்காதானே எனக்குச் சொன்னாள் என்றானாம். வாங்கிய உதவிக்கு அவன் காட்டிய நன்றி அது.

அவள் கத்தவில்லை. நான் சேமியா வடிகட்டிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றாள்.

"எனக்கு மட்டும் ஏன் கை வேண்டாம்னு சொன்னேக்கா?"

ஆளுக்கு ஏற்ற மாதிரிதான் சொல்லித்தர முடியும் என்றேன்.

"இத்தனை வருஷமா நான்தான் எதுக்கும் லாயக்கில்லாதவள்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ பக்கத்துலயே உக்காந்து தலையத் தடவிக் குடுத்த." மேஜையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு ஃபெதெராசியோன்ல ஒரு ஓட்டல்ல இன்டர்வியூ. தங்க ரூம் குடுக்கறாங்க. கெடச்சா போயிடுவேன். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குக்கூட வர மாட்டேன்."

அன்றைக்கே புதிதாக ஒரு படம் வரைந்து, நான் பார்க்க வேண்டும் என்று ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினாள். பெரிய குடை. இரண்டு கைகள். விரல்களைக்கூட விடாமல் வரைந்திருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

காலையில் குடுவையில் மாத்தே இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினேன், இருவருக்கும் ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். போடுகிறவர் முதல் குடுவையைத் தானே குடிக்க வேண்டும், அது வழக்கம். குடித்தேன். மறுபடி வெந்நீர் ஊற்றும்போது, தூக்கத்துக்காக நான் சாப்பிடுகிற சொட்டு மருந்தையும் விட்டேன். மாத்தே ஏற்கெனவே கசப்பு, வித்தியாசம் தெரியாது. சமாதானத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, வாங்கி உறிஞ்சினாள். அப்புறம் நன்றி என்றாள். மாத்தே குடிக்கும்போது நன்றி என்றால் போதும் என்று அர்த்தம், அதற்குமேல் கொடுக்கக் கூடாது. நான் இன்னொன்று நிரப்பி நீட்டினேன். அக்கா நீட்டியதை மறுக்க மனமில்லாமல் அதையும் குடித்தாள்.

தூங்கிவிடுவாள், நேர்காணல் தவறிப்போகும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று சொல்லலாம். நீங்களும் எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள். ஆனால் அன்றைக்கு அவள் பஸ்ஸில் போகவில்லை, வீட்டு மோட்டார் சைக்கிளின் சாவி அவள் விரலில் மாட்டியிருந்ததை நான் பார்த்தேன். வெளியே தூறல் ஆரம்பித்திருந்ததையும் பார்த்தேன். ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்து, பார்த்துப் போ என்றேன். நெடுஞ்சாலையில் மரக்கட்டை ஏற்றிய லாரி முன்னால் நின்றிருக்கிறது. அவள் பிரேக்கே பிடிக்கவில்லை என்று டிரைவர் சொன்னானாம். அவளுடைய ரத்தத்தில் அந்த மருந்து இருந்தது என்று ஆஸ்பத்திரி காகிதம் சொல்கிறது. சரியாகத்தான் சொல்கிறது. கொடுத்தது நான்தான்.

பிழைத்துக்கொண்டாள். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் அசையாது. உள் அறையில்தான் இருக்கிறாள், மெதுவாகப் பேசுங்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நான். செஃபெரினோ ஒருநாள் ஜன்னலருகே வந்து நின்று அழுதான். திரையை இழுத்து விட்டேன். நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போனால் இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்க உங்களுக்கு இன்னும் வரவில்லை.

போன வாரம் வந்த டாக்டர், இடது கையில் பென்சிலைக் கொடுத்து, மனதில் தோன்றுவதை வரையச் சொன்னார். மத்தியானம் முழுக்க வரைந்தாள். கோணல்மாணலாகத்தான் வந்தது, ஆனாலும் என்னவென்று தெரிகிறது. முன்பும் இப்படித்தான் வரைவாளா என்று அவர் கேட்டார். எப்போதும் இப்படித்தான் என்றேன்.

குடையும் கைகளும் இருந்த அந்தப் படத்தை எடுத்துவிட்டு இதை ஒட்டியிருக்கிறேன், ஃப்ரிட்ஜில் பாருங்கள். மழை கொட்டுகிறது, கைகள் இல்லை, குடை இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றையும் அவள் மறக்கவில்லை. வருத்தமாக இல்லையா என்று கேட்கிறீர்கள். எதற்கு வருத்தம்? வீட்டை விட்டு வெளியே போகாதவளுக்குக் குடை எதற்கு?