சுண்டுவிரல் சோடி

நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகும் லோஞ்சுப் படகின் அடித்தட்டில் வியர்த்துக்கொண்டிருந்தேன். ஏறும்போதே நெரிசல் ஒரு கணவரை மனைவியிடமிருந்து பிரித்து மேல்தட்டுக்குத் தள்ளிவிட்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் அந்த மனைவியும், பௌதிகவியல் ஆராய்ச்சி செய்யும் அவள் தங்கையும்.

“இவர் எங்கை நிக்கிறாரோ! சரி, உன்ரை ஆராய்ச்சி என்ன மாதிரி?”

“அணுவைவிடச் சின்னத் துணிக்கைச் சோடியள்தான், அக்கா. இறுக்கிப் பிடிக்கிறேல்லை. சுண்டுவிரல் தொட்டமாதிரி நிக்குங்கள்.”

“இப்பிடிச் சூட்டிலையோ?”

“அணுக்கருக்களை மோதவிட்டால் வாற சூடு. இதைவிடக் கோடி மடங்குக்கு மேலை. மற்றத் துணிக்கையள் வந்து இடிக்க, சோடி பிரிஞ்சுபோம்.”

“பாவங்கள். பிறகு?”

“தனிய நிக்கிறதுகள் திரும்பவும் சேரும். பிரியிறதும் சேருறதுமாத்தான் இருக்கும். கூட்டம் ஆறிக் கலையேக்கை எத்தினை சோடி மிஞ்சுதெண்டதுதான் என்ரை கணக்கு.”

அக்கா மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

இறங்குதுறையில் கூட்டம் கலைந்தது. வெயிலில் அந்த மனிதர் மனைவியின் பூப்போட்ட குடையை விரித்துப் பிடித்தபடி நின்றார். அக்கா அதற்குள் போய் நின்றுகொண்டு, திரும்பிக் கத்தினாள்:

“எடியே, உன்ரை கணக்கிலை ஒண்டைக் கூட்டு!”